ஃபெட் சிமுலேஷன்கள்: கோள்களையும் முயல்களையும் தொடும் முன் பிளிங்கோவைத் திறங்கள்

அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபெட் சிமுலேஷன்களை (திரையில் நாமே மாற்றி ஓட்டிப் பார்க்கும் அறிவியல் மாதிரிகள்) கேள்விப்படாத அறிவியல் ஆசிரியர்கள் இன்று குறைவு. கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய திட்டம் இது. அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது அதற்கு முந்தைய ஆண்டில். இயற்பியலுக்காக ஆரம்பித்து, பிறகு வேதியியல், உயிரியல், கணக்கு என்று விரிந்துவிட்டது. முன்பு ஜாவாவிலும் ஃபிளாஷிலும் இருந்தவற்றில் பலவற்றை எச்டிஎம்எல்5-இல் புதிதாக எழுதிவிட்டார்கள். ஃபிளாஷ் 2020 கடைசியில் நிறுத்தப்பட்டபோது பல கல்வித் தளங்கள் முடங்கின, ஃபெட் முடங்கவில்லை. இப்போது போன், டேப்லெட், பழைய லேப்டாப் எதிலும் பிரவுசரிலேயே ஓடுகிறது. ஓட்டிப் பார்க்க லாகின் தேவையில்லை, விளம்பரத் தொல்லையும் கிடையாது.

இங்கே முழுத் தொகுப்பையும் எடுக்கப்போவதில்லை. கோள்கள், மரபியல், புள்ளியியல் ஆகிய மூன்றையும் விளக்கும் சிமுலேஷன்களை மட்டும் பார்ப்போம். தளத்தில் இவை இயற்பியல், உயிரியல், கணிதம் என்று தனித்தனி அறையில் கிடக்கின்றன. பெரிய குறையே அதுதான். உயிரியல் மாணவர் கணிதப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இயற்கைத் தேர்வைக் காட்டும் முயல் சிமுலேஷனை ஒருமுறை ஓட்டி, அந்த ஒரு தடவை வந்ததையே இயற்கையின் விதி என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். நிகழ்தகவு எப்படி நடந்துகொள்ளும் என்பது கையில் பழகியிருந்தால் இந்தத் தவறு நேராது. அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன்: முதலில் பிளிங்கோ, அப்புறம் முயல், கடைசியாகக் கோள்கள்.

‘பிளிங்கோ ப்ராபபிலிட்டி’ பார்வைக்குச் சாதாரணமானது. மேலே ஒரு புனல், நடுவில் முக்கோணமாக அடுக்கிய முளைகள், கீழே கட்டங்கள். ஒவ்வொரு முளையிலும் பந்து இடமோ வலமோ திரும்பிக் கடைசியில் ஒரு கட்டத்தில் விழும். ஃபிரான்சிஸ் கால்டன் 1870களில் செய்த பலகையின் கணினி வடிவம் இது. பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளிடம் ஏன் ஒரு சராசரியைச் சுற்றிப் பரவிக் கிடக்கின்றன என்ற கேள்விதான் கால்டனை இந்தப் பலகையில் கொண்டுவந்து நிறுத்தியது. ஆக, கணிதப் பிரிவில் கிடக்கும் இந்தப் பலகை பிறந்ததே மரபியல் கேள்வியில்தான்.

‘இன்ட்ரோ’ திரையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம், நேராக ‘லேப்’ திரைக்குப் போங்கள். அங்கே வரிசை எண்ணிக்கையை 26 வரை கூட்டலாம். வலப்பக்கம் திரும்பும் வாய்ப்பை 0-இலிருந்து 1 வரை நகர்த்தலாம். வரிசையை 12, வாய்ப்பை 0.5 என்று வையுங்கள். பந்தை விடும் முன் ஒரு தாளில் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். சராசரி 12 × 0.5 = 6. திட்ட விலக்கம் (பந்துகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறும் என்ற அளவு), 12 × 0.5 × 0.5-இன் வர்க்கமூலம், அதாவது 1.73. நடுக்கட்டத்தில் விழும் வாய்ப்பு 4096-இல் 924, ஏறக்குறைய 22.6 சதவீதம்.

இப்போது பந்துகளை விட்டு, எண்ணிக்கை 10-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்திச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டு மறுபடி பத்து. நாலைந்து முறை செய்தால் 5.3, 6.4, 6.9 என்கிற மாதிரி ஊசலாடும். பத்துப் பந்தின் சராசரிக்கு உரிய பிழை 1.73-ஐ 10-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 0.55. இருபது முறை செய்தால் பத்தொன்பது முறை 4.9-க்கும் 7.1-க்கும் நடுவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 100 பந்துக்கு இந்தப் பிழை 0.17, 1000 பந்துக்கு 0.055. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பந்து வேண்டும் என்பது இங்கே கண்முன்னால் நடக்கிறது. பந்து விழுவதைக் காட்டாமல் முடிவை மட்டும் கட்டத்தில் சேர்க்கும் தேர்வும் இருக்கிறது. ஆயிரம் பந்து வேண்டும்போது அதைப் போட்டுக்கொண்டால் நேரம் மிச்சம்.

இந்தத் திரையில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஓர் இடத்தில்தான். ஓரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மாதிரியின் திட்ட விலக்கம், மற்றது சராசரியின் திட்டப் பிழை. பந்தைக் கூட்டக் கூட்ட முதல் எண்ணும் குறையும் என்று எதிர்பார்த்து, குறையவில்லையே என்று குழம்புவார்கள். அது குறையவே குறையாது, 1.73-ஐ நெருங்கி அங்கேயே நிற்கும். பந்துகளின் சிதறல் பலகையின் குணம், எத்தனை பந்து விட்டாலும் அது மாறாது. நாம் கணக்கிட்ட சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது இரண்டாவது எண். பந்து கூடும்போது சுருங்குவது அது மட்டும்தான். செய்தித்தாள் கருத்துக்கணிப்பிலிருந்து மருந்துச் சோதனை வரை பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது. இதை இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டும் வேறு இலவசக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து வாய்ப்பை 0.1-க்கு இறக்குங்கள். சராசரி 1.2, திட்ட விலக்கம் 1.04. ‘சராசரிக்கு இருபுறமும் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் 95 சதவீதம்’ என்ற மனப்பாட விதியைப் போட்டால் கீழ் எல்லை மைனஸில் போய்விடும். மைனஸ் கட்டம் என்று ஒன்று இல்லையே! பூஜ்யக் கட்டத்தில் மட்டும் 28 சதவீதப் பந்துகள் குவிந்து, படம் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். மணி வடிவம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை இதற்குப் பிறகு விளக்கத் தேவையில்லை.

இதே பலகையை மரபியல் கண்ணோடும் பார்க்கலாம். ஒவ்வொரு வரிசையையும் ஒரு மரபணு என்று வைத்துக்கொள்ளுங்கள். வலம் திரும்பினால் உயரத்தில் கொஞ்சம் கூடும், இடம் என்றால் கூடாது. ஒரே வரிசை என்றால் மக்கள் நெட்டை, குட்டை என்று இரண்டாகப் பிரிவார்கள். 26 வரிசை ஆனதும் தொடர்ச்சியான உயரங்கள் கிடைத்துவிடும். மெண்டலின் தனித்தனிக் காரணிகளும் மனிதர்களிடம் காணும் தொடர்ச்சியான வேறுபாடும் முரண்படவில்லை என்று ஆர்.ஏ. ஃபிஷர் 1918-இல் காட்டிய கருத்தின் சாரம் இது. பிளிங்கோவில் எங்குமே இதைச் சொல்லவில்லை. ஆசிரியர் சொன்னால்தான் உண்டு.

முயல்களுக்கு வருவோம். ‘நேச்சுரல் செலக்‌ஷன்’ என்று தேடினால் கிடைக்கும், இதிலும் ‘லேப்’ திரைதான் உருப்படியானது. வெள்ளை முயல் ஒன்று நிற்கும். துணையைச் சேர்த்தால் இனப்பெருக்கம் தொடங்கும். சடுதிமாற்றங்கள், அதாவது மரபணுவில் திடீரென வரும் மாற்றங்கள், மூன்று: பழுப்பு ரோமம், தொங்கும் காது, நீளப் பல். ஒவ்வொன்றையும் ஓங்கு பண்பாகவா (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படும்) ஒடுங்கு பண்பாகவா (இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்) சேர்ப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். சூழலில் ஓநாய், கடின உணவு, உணவுப் பற்றாக்குறை என்று மூன்று அழுத்தங்கள். நிலம் பூமத்தியரேகைப் பகுதியா பனிப்பிரதேசமா என்பதும் நம் கையில்.

முதல் தடவை பெரும்பாலோருக்கு ஓட்டம் பாதியில் முடிந்துவிடும், அதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு ஜோடிக்கு நான்கு குட்டிகள் என்பதால் 2, 6, 18, 54, 162 என்று மும்மடங்காகப் பெருகும். ஓநாயும் விடாமல் உணவையும் குறைக்காமல் இருந்தால் சில தலைமுறையிலேயே முயல்கள் உலகத்தையே பிடித்துவிட்டதாகச் சொல்லி ஓட்டம் முடிந்துவிடும். எதிர்ப்பக்கத் தவறு, இரண்டு மூன்று முயல் இருக்கும்போதே ஓநாயை விடுவது. அப்போது எல்லாம் செத்துப்போகும், கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. மூன்றாவது தவறு இரண்டு அழுத்தங்களை ஒரே நேரத்தில் போடுவது. எது எதற்குக் காரணம் என்று பிறகு பிரிக்கவே முடியாது. சடுதிமாற்றப் பொத்தானை அழுத்தியதும் எதுவும் மாறவில்லையே என்று சிலர் தவிப்பார்கள். அது அடுத்த தலைமுறைக் குட்டிகளில்தான் வரும். ஒடுங்கு பண்பாகச் சேர்த்திருந்தால் கண்ணுக்குத் தெரிய இன்னும் தாமதமாகும்.

சரியாக ஓடும் வரிசை இது. நிலத்தைப் பூமத்தியரேகைப் பகுதியில் வைத்து, துணையைச் சேர்த்து, பழுப்பு ரோமத்தை ஓங்கு பண்பாகவும் தொங்கும் காதை அதே சமயத்திலும் சேர்த்துவிடுங்கள். முயல்கள் ஐம்பதைத் தாண்டியதும் உணவைக் குறையுங்கள். அது நிறம் பார்த்துக் கொல்லாது, எண்ணிக்கையை மட்டும் கட்டுக்குள் வைக்கும். இரண்டு மூன்று தலைமுறை ஓடவிட்டு, சதவீத வரைபடத்தில் வெள்ளை எவ்வளவு, பழுப்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்ட பிறகே ஓநாயை விடுங்கள். ஓநாய் வருவதற்கு முன்பே பழுப்பு முயல் இருந்தது என்பதை மாணவர் பார்த்தாக வேண்டும். பொத்தானை நாமே அழுத்திச் சடுதிமாற்றத்தைக் கொண்டுவருவது இந்த சிமுலேஷனின் பெரிய பலவீனம். ஓநாய் வந்தது, அதனால் முயல் நிறம் மாறிக்கொண்டது என்ற தலைகீழான புரிதலை அது வளர்த்துவிடும். பொத்தானை அழுத்தும் வரிசையை மாற்றினாலே அந்த ஆபத்து பாதி போய்விடும்.

காதை ஏன் சேர்க்கச் சொன்னேன்? ஓநாய் பார்ப்பது நிறத்தை, கடின உணவு பார்ப்பது பல்லை. காதைப் பார்க்க இந்தத் திரையில் எதுவும் இல்லை. ஆகவே அது நமக்கு ஓர் ஒப்பீட்டு அளவுகோல். பழுப்பு 40 சதவீதத்திலிருந்து 90-க்குப் போகும்போது தொங்கும் காதின் பங்கும் கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். அந்த ஆட்டம் வெறும் தற்செயல். முயல்கள் குறைவாக இருக்கும்போது அது அதிகமாகவும், நிறைய இருக்கும்போது குறைவாகவும் இருக்கும். பத்துப் பந்துக்கும் ஆயிரம் பந்துக்கும் பார்த்த அதே வித்தியாசம். காதின் ஆட்டத்தைவிட நிறத்தின் மாற்றம் தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் ‘இது ஓநாயின் வேலை’ என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. காதுப் பொத்தான் எதற்கும் உதவாது என்று பல வகுப்புகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். முழுத் திரையிலும் மதிப்பு மிக்கது அந்தப் பொத்தான்தான்.

பிறகு மீட்டமைத்து, எல்லாவற்றையும் அப்படியே வைத்துப் பழுப்பை மட்டும் ஒடுங்கு பண்பாகச் சேர்த்து ஓட்டுங்கள். ஓங்கு பண்பு சீக்கிரம் வெல்லும், ஒடுங்கு பண்பு தோற்கும் என்பதுதான் பொதுவான ஊகம். முதல் பாதி சரி. ஓங்கு பழுப்பு வேகமாகப் பரவும். ஆனால் வெள்ளை முற்றாக ஒழியாது, பழுப்பு முயல்களுக்குள் ஒளிந்துகொண்டு அவ்வப்போது ஒரு வெள்ளைக் குட்டியாகத் தலைகாட்டும். ஒடுங்கு பழுப்போ பரவவே நேரம் எடுக்கும். சில ஓட்டங்களில் பரவுவதற்குள் அழிந்தும் போகலாம். ஒருமுறை பரவிவிட்டால் வெள்ளைக்கு ஒளிய இடமில்லை. ஓங்கு மரபணு ஒன்று இருந்தாலே முயல் வெள்ளையாக நிற்கும், ஓநாய் பிடித்துவிடும். காகிதத்திலும் இதைப் பார்க்கலாம். ஒடுங்கு பண்பு வெளிப்பட்ட எல்லாரும் பிள்ளை பெறாமலே இறந்தாலும், அந்த மரபணுவின் பங்கு 10 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறையப் பத்துத் தலைமுறை ஆகும். ஒடுங்கு பண்பு நோய்களைத் தலைமுறைக் கணக்கில் துடைத்துவிட முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

வம்சாவளி வரைபடம் அழகாக இருக்கிறது. ஒரு முயலைத் தொட்டால் பெற்றோர், தாத்தா பாட்டி என்று முன்னோரை மரபணு எழுத்துகளோடு காட்டும். அங்கே ஓர் எச்சரிக்கை. கலப்பினப் பெற்றோருக்கு நான்கு குட்டி, அதில் மூன்று பழுப்பு, ஒன்று வெள்ளை என்று பார்த்துவிட்டு எல்லாக் குடும்பமும் இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. நிஜத்தில் நான்கு பிள்ளைகளில் சரியாக 3:1 அமைவது 42 சதவீதக் குடும்பங்களில் மட்டும். நான்குமே ஓங்கு பண்போடு பிறப்பது 32 சதவீதம், 2:2 அமைவது 21 சதவீதம். நம்பிக்கை வரவில்லையென்றால் பிளிங்கோவில் வரிசையை 4, வாய்ப்பை 0.75 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள், இதே எண்கள் வரும். மெண்டலுக்கு 3:1 கிடைத்தது ஒரு செடியில் நான்கு பட்டாணியைப் பார்த்ததால் அல்ல. 5474 உருண்டை, 1850 சுருங்கியது என்று ஏழாயிரத்துக்கு மேல் எண்ணியதால் 2.96:1 என்ற விகிதம் தெரிந்தது. எதிர்பார்த்த 1831-க்கும் கிடைத்த 1850-க்கும் வித்தியாசம் 19. தற்செயலாகவே 37 வரை ஆடுவது சகஜம் என்று திட்ட விலக்கக் கணக்கு சொல்கிறது.

‘ஜீன் எக்ஸ்பிரஷன் எசென்ஷியல்ஸ்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் திரையில் டிஎன்ஏவின் மேல் தூண்டு காரணியை வைத்து, பிறகு ஆர்என்ஏ பாலிமரேஸ், அது எழுதிய தூது ஆர்என்ஏவில் ரைபோசோம் என்று வரிசையாக இழுத்து வைத்தால் புரதம் வெளியே வரும். வரிசை தப்பினால் ஒட்டாமல் மிதந்துகொண்டே இருக்கும், காரணத்தைத் திரை சொல்லாது. மூன்றெழுத்துக் குறியீடுகளை இதில் எதிர்பார்க்க வேண்டாம், டிஎன்ஏவின் கார எழுத்து வரிசையே காட்டப்படுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்கு அது ஒரு குறைதான். மூன்றாவது திரை மட்டும் தனிச்சிறப்பு. ஒரு செல்லை வைத்துப் புரத அளவின் வரைபடத்தைப் பாருங்கள், கோடு தாறுமாறாக ஏறி இறங்கும். செல்களைத் தொண்ணூறுக்குக் கூட்டுங்கள், அதே அமைப்பில் கோடு அமைதியாகிவிடும். ஒரே டிஎன்ஏ, ஒரே சூழல், ஆனாலும் செல்லுக்குச் செல் வேறுபாடு. தொண்ணூறின் சராசரியில் அந்த ஆட்டம் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கும், வர்க்கமூலக் கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது.

கோள்களில் முதலில் திறக்க வேண்டியது ‘கிராவிட்டி அண்ட் ஆர்பிட்ஸ்’. சூரியனும் ஒரு கோளும் மட்டும் உள்ள காட்சியை எடுத்து, பாதை, வேகம், விசை மூன்றையும் டிக் செய்யுங்கள். கோளின் நிறையை இரட்டிப்பாக்கினால் விசை அம்பு இரட்டிப்பாகும், பாதை அசையாது. இதை முன்கூட்டியே சரியாகச் சொல்பவர்கள் குறைவு. நிறை கூடினால் இழுப்பு கூடுகிறது, அதே அளவு அசைக்கவும் கடினமாகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன.

சூரியனின் நிறையை மாற்றினால் கதையே வேறு. ஓட்டத்தை நிறுத்தி, கோளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுவந்து, நாள் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிய பிறகு மாற்றுங்கள். பாதி வழியில் மாற்றினால் நாள் கணக்கு குழம்பிவிடும். நிறையை இரு மடங்காக்கினால் கோள் நெருக்கமான ஒரு வட்டத்தில் சுற்றும் என்றுதான் பலரும் ஊகிப்பார்கள். சுற்றாது. வேகம் பழைய சூரியனுக்கு ஏற்றதாகவே இருப்பதால் கோள் உள்நோக்கி விழுந்து, பழைய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நெருங்கித் திரும்பும். பாதை 0.5 மையவிலக்கம் (வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்ற அளவு, வட்டத்துக்கு 0) உள்ள நீள்வட்டம். ஒரு சுற்றுக்கு 365 நாளுக்குப் பதில் ஏறக்குறைய 140 நாள். நிறையைப் பாதியாக்கினால் கோள் திரும்பி வராது. ஸ்லைடர் பாதியில் முடிவதை ஏதோ வசதிக்காக வைத்த எல்லை என்று கடந்துவிடாதீர்கள். தப்பிக்கும் வேகம் வட்டப்பாதை வேகத்தைப் போல 1.414 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். நிறை பாதியானதும் கோளின் பழைய வேகமே தப்பிக்கும் வேகமாகிவிடுகிறது. சரியாக அந்த எல்லைக்கோட்டில் அதை நிறுத்திப் பார்க்கிறோம்.

அளவு விஷயத்தில் கவனம் தேவை. ‘மாடல்’ திரையில் சூரியனும் பூமியும் பல மடங்கு பெரிதாக்கப்பட்டவை, அதை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு விண்வெளியின் வெறுமை புரியவே புரியாது. ‘டு ஸ்கேல்’ திரையைக் கட்டாயம் காட்டுங்கள். பூமியின் பாதையை 15 சென்டிமீட்டர் அகலத்தில் வரைந்தால் சூரியன் 0.7 மில்லிமீட்டர்தான் இருக்கும். பூமி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது.

‘கெப்ளர்ஸ் லாஸ்’ அடுத்தது. மூன்றாம் விதித் திரை எனக்கு மிகவும் பிடித்தது. தூரத்துக்கும் காலத்துக்கும் எந்த அடுக்கைக் கொடுத்தால் வரைபடம் நேர்கோடாகும் என்று நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். காலத்தின் வர்க்கம், தூரத்தின் கனம் என்று வைத்ததும் வளைகோடு நிமிர்ந்துவிடும். உடனே நிஜக் கோளைப் போட்டுச் சரிபாருங்கள். பூமியின் தூரத்தை 1 என்று கொண்டால் செவ்வாயின் தூரம் 1.524, கனம் 3.54. காலம் 1.881 ஆண்டு, வர்க்கம் 3.54.

முதல் விதித் திரையில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீள்வட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று பாதையை நன்றாக நசுக்கிக் காட்டுகிறோம். அதைப் பார்த்தவர் பூமியும் அப்படியே போகிறது, அருகில் வரும்போது கோடை என்று முடிவுகட்டுகிறார். பூமியின் மையவிலக்கம் 0.0167 மட்டும். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் வரைந்தால் நீள்வட்டத்தின் இரு அச்சுகளுக்கும் வித்தியாசம் பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். சூரியன்தான் மையத்திலிருந்து 1.7 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதோ ஜனவரித் தொடக்கத்தில், 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில். நம் ஊரில் அது மார்கழிக் குளிர். இதைச் சொல்லாமல் அந்தத் திரையை மூடக் கூடாது.

கோள் சிமுலேஷன்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு, பிளிங்கோவை முதலில் திறக்கச் சொன்னதற்கு அதுவும் காரணம். இவற்றில் அளவீட்டுப் பிழையே கிடையாது. கோடு கச்சிதமாக விழும், எண் கச்சிதமாக வரும். கெப்ளருக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை. டைகோ பிராஹே வெறும் கண்ணால் அளந்த செவ்வாயின் இடங்களோடு அவருடைய வட்ட அடிப்படையிலான கணக்கு 8 கோண நிமிடம் ஒத்துப்போகவில்லை. முழுநிலவின் அகலத்தில் கால் பங்கு அளவு அது. டைகோவின் அளவீட்டில் அவ்வளவு பெரிய பிழை இருக்காது என்று கெப்ளர் அறிந்திருந்தார். அதனால்தான் பிழை என்று ஒதுக்காமல் வட்டத்தையே கைவிட்டார், 1609-இல் நீள்வட்டம் அச்சானது. எவ்வளவு ஆட்டம் சகஜம், எவ்வளவு சகஜம் இல்லை என்ற அதே கேள்வி. முயல் காதில் பார்த்ததும் அதையே. 1801 ஜனவரியில் வானியலாளர் பியாஸி கண்டு, பின் சூரிய ஒளியில் தொலைந்துபோன சீரிஸ் என்ற குறுங்கோளை அந்த ஆண்டின் கடைசியில் மறுபடி பிடிக்கக் கணித மேதை காஸின் கணக்குதான் உதவியது. ஒரு சில வாரங்களின் பிழையுள்ள அளவீடுகளை வைத்துப் பாதையைக் கணித்தார் அவர். ஃபெட்டில் கோள் இடங்களோடு கொஞ்சம் பிழையையும் கலந்து கொடுத்து, ‘பாதையைக் கண்டுபிடி’ என்று கேட்கும் ஒரு திரை வந்தால் நன்றாக இருக்கும்.

‘மை சோலார் சிஸ்டம்’ நான்கு பொருள்கள் வரை வைத்து விளையாட நல்லது. நிறை, இடம், வேகம் மூன்றையும் எண்ணாகக் கொடுக்கலாம். ஆனால் எல்லாம் ஒரே தளத்தில்தான் சுற்றும், சாய்ந்த பாதைகள் கிடையாது. இன்றிரவு வியாழன் எங்கே தெரியும் என்பதற்கு இது ஆகாது, அதற்கு வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள்.

‘சென்டர் அண்ட் வேரியபிலிட்டி’ ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குச் சரி. கால்பந்தை உதைத்த தூரங்கள் குவிய, சராசரியும் இடைநிலையும் எங்கே நிற்கின்றன என்று காட்டும். கடைசிப் பந்தைப் பிடித்துத் தள்ளினால் சராசரி பின்னாலேயே ஓடும், இடைநிலை அசையாது. பத்தாம் வகுப்புக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதில் வருவது சராசரி விலக்கம், உங்கள் பாடத்தில் இருக்கும் திட்ட விலக்கம் அல்ல. விடை ஒத்துப்போகவில்லை என்று தேட வேண்டாம்.

தமிழ்? மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. மொழிபெயர்ப்பு தன்னார்வலர்கள் செய்வது என்பதால் எல்லா சிமுலேஷனும் தமிழில் இல்லை. ஒன்று தமிழில் கிடைத்தாலும் நடுவே சில பொத்தான்கள் ஆங்கிலத்திலேயே நிற்கலாம். இங்கே சொன்னவற்றில் பொத்தான்களை அவற்றின் ஆங்கிலப் பெயராலேயே குறிப்பிட்டதற்கு அதுவே காரணம். ஆசிரியர் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலம், அவற்றில் பலவற்றைப் பார்க்க இலவச ஆசிரியர் கணக்கு வேண்டும்.

இணையம் அடிக்கடி அறுந்துபோகும் பள்ளிக்கு நல்ல செய்தி: எச்டிஎம்எல்5 சிமுலேஷன் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பென்டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் பிரவுசரில் திறந்தால் ஓடும். போன், டேப்லெட்டுக்குக் கட்டண ஆப் இருக்கிறது. பிரவுசரே போதும் என்பதால் அவசியமில்லை. சின்ன போனில் முயல் திரை நெருக்கடியாக இருக்கும், போனைப் படுக்கவைத்தாலும் வரைபடத்தின் எண்களைப் படிக்கக் கண் வலிக்கும். பிளிங்கோவுக்கும் கோள்களுக்கும் போன் தாங்கும். இலவசப் பதிப்பில் ஓட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. டேபை மூடினால் இருபது தலைமுறை முயலும் போய்விடும். அதனால் ஓநாயை விடும் முன் ஒன்று, விட்டு ஐந்து தலைமுறை கழித்து ஒன்று என்று ஓரத்து மெனுவில் உள்ள ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு ஓட்டம் என்று வகுப்பில் முப்பது பேருடைய எண்களையும் கரும்பலகையில் எழுதினால், அந்த முப்பதையும் மறுபடி பிளிங்கோ படம்போல் அடுக்கிப் பார்க்கலாம்.